பணி நிறைவு

தாப்பாவிலிருந்து படிவம் வந்திருக்கிறது.
முப்பத்திரண்டு கேள்வி, ஒன்றிலிருந்து ஐந்து வரை
ஏதாவது ஓர் எண்ணைச் சுற்றி வட்டம்,
வெள்ளிக்கிழமைக்குள்.
மலாயில் கேட்டதை மனசுக்குள் தமிழில் திருப்பினால்
பணி நிறைவு என்று வருகிறது.
அது எங்கள் பீடோரில் வேறு விசேஷம்:
மாலை, சுவர்க்கடிகாரம், பிரியாணிப் பொட்டலம்,
ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.
எனக்கு இன்னும் பத்தொன்பது வருஷம் கிடக்கிறது.

சம்பளம், மூன்று.
மோட்டார் எண்ணெய்ப் படி மார்ச்சிலிருந்து
யாருடைய இழுப்பறையிலோ படுத்திருக்கிறது.
அதை நினைத்ததும் மூன்றை அடித்துவிட்டு இரண்டு.
மேலதிகாரி துவான் ஸைனி
காய்ச்சல் ஏறும் வாரத்தில் எல்லார் முன்னாலும் கத்துவார்;
மறுநாள் பேசாமல் மேசையில் கறிபாப் வைப்பார்.
கறிபாப்புக்கு நான்கு.
பதவி உயர்வு என்ற வரியைத் தாண்டிப் போனேன்,
திரும்பி வந்தேன்,
மறுபடி தாண்டினேன்.

உங்கள் வேலையைச் சுருக்கமாக விவரிக்கவும்.

டார்ச் அடித்து அடுத்தவர் வாளிக்குள் பார்ப்பது.
ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்த தோட்டத்து ஓரம்
கொய்யாவுக்குக் கட்டிய பிளாஸ்டிக் பை,
ஆ லெங் கடை டயர், முனியாண்டி மேடையில் அகல்,
யாரோ குடித்துப் போட்ட மைலோ டின்,
எதெல்லாம் நிறைந்திருக்கிறதோ
அதையெல்லாம் கவிழ்ப்பது.
தாமான் பிள்ளைகள் என் மோட்டார் சத்தம் கேட்டதும்
கொசு அக்கா வருது என்று கத்திக்கொண்டு
சாடிகளைக் கவிழ்க்க ஓடும்.
இதற்கு எண் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐந்து.

பொதுமக்கள் உங்களை மதிக்கிறார்களா?

தவமலர் என்னோடு ஆறாம் வகுப்பு வரை படித்தவள்.
அவள் வீட்டுப் பிரிட்ஜுக்குப் பின்னால் தட்டில்
கமாவைப்போல் நெளிந்தன ஏழெட்டு.
ஐந்நூறு வெள்ளி என்று எழுதும்போது
அவள் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.
எழுது, உன் வேலைதானே, என்றாள்.
அந்த டீயை நான் குடித்தேனா என்பது
மூன்று வருஷமாக ஞாபகத்துக்கு வரவில்லை.
ஞாயிற்றுச் சந்தையில் என்னைக் கண்டால்
கத்தரிக்காயைக் கவனமாகப் பொறுக்குகிறாள்.

அதே மாதம் அடுத்த வரிசையில்
கவிநேஷுக்கு ரத்தத்தட்டு பதினெட்டாயிரத்துக்கு இறங்கி
ஈப்போ மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள்.
பையன் பிழைத்தான். இப்போது பந்து விளையாடுகிறான்.
அவனுக்குப் பிறகு அந்த வரிசையில்
யாருக்கும் வரவில்லை.
வெள்ளைப் பலகையில் பதினோரு வாரம் சுழி எழுதினேன்.
வராத காய்ச்சலுக்காக யார் வந்து
வாசலில் நின்று நன்றி சொல்லப் போகிறார்கள்?
ஆனால் சுழியை எழுதும்போது
கொஞ்சம் பெரிதாகவே எழுதுவேன்.

கடைசிக் கேள்வி:
மொத்தத்தில் நிறைவாக இருக்கிறீர்களா?

மதியத் தொழுகைக்குப் போனவர்கள் திரும்பவில்லை.
மழை. அலுவலகக் கூரை வழக்கமான இடத்தில்
ஒழுகுகிறது, சொட்டு, சொட்டு.
சத்தம் தரையில் கேட்கவில்லை,
கோப்பு அலமாரிக்கு மேலிருந்து வருகிறது.
நாற்காலியில் ஏறி டார்ச் அடித்தேன்.
மாவட்டத்தின் சிறந்த சேவைக் கோப்பை,
விளிம்புவரை தண்ணீர்.
உள்ளே நான்கு, சுறுசுறுப்பாக.

அபராதத்தை யார் பேரில் எழுதுவது என்று
கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்தேன்.
பிறகு இரண்டு கையாலும் தூக்கி
ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்தேன்.

மணி இரண்டே முக்கால்.
வட்டம் இன்னும் போடவில்லை.