முப்பது எம்.எம். ஓட்டை

முதலில் அட்டையில்தான் வரைந்தோம்,
ஃபேன் வந்த பெட்டியின் ஒரு பக்கம்.
கஜபதி வலக்கையை விரித்து வைத்தான்.
சுற்றி வந்த என் பேனா
கட்டைவிரலைத் தாண்டியதும்
பழக்கத்தில் ஒரு விரலை வரைந்துவிட்டது.
"டேய், அது இல்லாத வெரலு."
அவன் சிரித்து முடிக்கவும்
கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி
முழுசாய்ப் போய் முடியவும் சரியாக இருந்தது.

திருவொற்றியூர் பிரஸ்ஸில் அவனுக்கு
இரண்டு பச்சைப் பொத்தான், கைக்கொன்று.
சேர்த்து அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும்.
உருப்படிக் கணக்கு ஏறட்டும் என்று
ஒன்றில் யாரோ
தீப்பெட்டி அட்டையைச் செருகி வைத்திருந்தார்கள்.
இதற்கு மேல் அவன் சொன்னதில்லை.

ரிச்சி தெருவில் கடைக்காரர்
இரண்டு குச்சிகளை எடுத்துப் போட்டார்.
ஒன்றுக்கு உருண்டைத் தலை, மிளகாய்ப்பழச் சிவப்பு.
மற்றதற்கு நீளத் தலை, கத்தரிக்காய் கணக்காய்.
கவிழ்த்தால் அடியில் ஒரு தகடு:
சதுரமா, எட்டு மூலையா?
எனக்கு எட்டு மூலை. திசைக்குத் திசை
கைக்கு வழி சொல்லும்.
அவன் சதுரம் என்றான்.
"வழிய நான் பாத்துக்கறன்.
இட்சி நிக்க செவுரு இருந்தா போதும்."

பகலெல்லாம் நான் எண்ணூரில், கிரேன் கூண்டுக்குள்.
எண்பதடி கீழே கன்டெய்னர்.
குச்சியை ஒரு நூல் சாய்த்தால்
முப்பது டன் ஒரு முழம் நகரும்,
சத்தமே இல்லாமல்.
அதனால் எனக்கு க்ளிக் வேண்டும்.
கடை முழுக்கக் கேட்கிற க்ளிக்.
கடைக்காரர் ஸ்பிரிங்கை மாற்றி மாற்றிக் கொடுத்தார்.
பதினோராவது தடவை,
"தம்பி, பொண்ணு பாக்க வந்தியா?" என்றார்.

பொத்தான்தான் பெரிய பஞ்சாயத்து.
இடக்கைக்குக் குச்சி, வலக்கைக்கு ஆறு பொத்தான்,
மேலே மூன்று கீழே மூன்று, லேசான வளைவில்.
அதுதான் வழக்கம்.
நைட் ஷிப்ட் இடைவேளையில் நான்
எல்லாவற்றையும் திருப்பிப் போட்டு வரைந்திருந்தேன்,
அவனுக்காக, அவனைக் கேட்காமல்.
பார்த்தான். டீயைக் குடித்து முடித்தான்.
டம்ளரை என் படத்தின்மேலேயே வைத்தான்.
"எடக்கைக்கு ஒண்ணும் தெரியாது.
இந்தக் கைதான் ஆடக் கத்துக்கினது.
இதுக்கே போடு."

மெர்லின் தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்தாள்,
கழுத்தில் இஞ்ச் டேப், கையில் சாக்பீஸ்.
கணவன் மணிக்கட்டைப் பிடித்து அட்டையில் வைத்து
நிஜ விரல்கள் விழுகிற இடத்தில் மட்டும் புள்ளி வைத்தாள்.
வளைவு சுண்டுவிரல் பக்கம் சரிந்தது,
அளவெடுத்த பாவாடை ஓரம்போல.
ஆறாவதைக் கட்டைவிரலுக்குக் கொடுத்தாள்.

மிச்சம் ஆள்காட்டியின் இடம்,
என் பேனா தப்பாய் வரைந்த கோட்டுக்குள் வெறுமையாய்.
அதை என்ன செய்ய என்று கேட்டுவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
"ஸ்டார்ட் அங்க போடு," என்றான்.
"தெரியாம கை படாத எடம் அது ஒண்ணுதான்."

ஞாயிற்றுக்கிழமை ஹோல்சா மாட்டினோம்.
பிளைவுட் புகைந்தது.
எதிர்வீட்டு அக்கா, பால் தீஞ்சிதா என்று எட்டிப் பார்த்தாள்.
ஓட்டைக்கு ஒரு வில்லை விழுந்தது, நடுவில் துளையோடு.
ஆல்வின் அவற்றைப் பொறுக்கிப்போய்
கேரம் போர்டில் காயாய் அடுக்கினான்.
எவ்வளவு பவுடர் போட்டும் வழுக்கவில்லை.
"மிஷின் எப்பப்பா ஆடும்?"
ஒரு ஒயர்கூட இன்னும் பற்றவைக்கவில்லை.

கஜபதி மகன் பக்கத்தில் குந்தினான்.
மோதிர விரலால் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினான்.
வில்லை தள்ளாடித் தள்ளாடிப் போய்
பாக்கெட் வாயில் நின்றுவிட்டது.

எழுந்து வந்து அட்டையைத் திருப்பிப் போட்டான்,
எழுதாத பக்கம் மேலே.
"அடுத்தது உன் பக்கம். கைய வை."
வைத்தேன்.
என் ஐந்து விரலையும் ஒருமுறை பார்த்துவிட்டு
பேனா மூடியைப் பல்லால் கழற்றினான்.