ஐம்பத்தொன்று தசம் இரண்டு

மாதத்தின் முதல் செவ்வாய். ஓல்டன்.
ஆரே ஆற்றின் பனிப்புகார் இன்னும் யன்னலில்தான் நிற்கிறது.
கதிரைத் தராசை உருட்டிக்கொண்டு
பதினான்காம் அறைக்குப் போகிறேன்.

சூர்லிண்டன் அம்மா ஆயத்தமாக இருக்கிறா.
தலை வாரி, உதட்டுக்குச் சாயம் பூசி,
தடித்த கம்பளி மேலங்கியைக் கழுத்துவரை பூட்டி.
ஐம்பத்தொன்று தசம் இரண்டு.
போன மாதமும் அதுதான்.
அதற்கு முந்திய மாதமும்.
"மாற்றமில்லை" என்ற பெட்டிக்குள்
கணினி தானே புள்ளடி போடுகிறது.

குளிக்க வார்க்கிற கைக்கு வேறு கணக்கு.
முதுகு துடைத்தால் விலா எலும்பு எண்ணுப்படுகிறது.
கழன்று விழாமல் மோதிரத்துக்கு நூல் சுற்றியிருக்கிறா.
நூலைப் பற்றிப் படிவம் கேட்பதில்லை.
இருபத்திரண்டு பக்கம்.
கரண்டி பிடிப்பாரா? பிடிப்பார்.
வலி உண்டா?
"கோட் ஷோ," என்கிறா, போகுது.
இல்லை என்று எழுதியது நான்.

இன்றைக்கு ஏனோ மேலங்கியைக் கழற்றச் சொன்னேன்.
குளிருது என்றா.
கழற்றினேன். என் கை தாழ்ந்தது.

உள்துணியில் தைத்த பைகளுக்குள்
பித்தளைப் படிக்கற்கள்:
ஒரு கிலோ இரண்டு, அரைக் கிலோ ஒன்று,
இருநூறு, நூறு.

"முப்பத்தொரு வருஷம்
தபால் கந்தோரில் பொதி நிறுத்தனான்.
எந்தக் கிராமில் கட்டணம் ஏறும் என்று எனக்குத் தெரியும்.
ஐம்பதுக்குக் கீழே போனால் மூன்றாம் மாடி.
அங்கே எல்லா யன்னலும் மலைப்பக்கம்.
ரயில் தெரியாது."

மாதாமாதம் குறைந்த அளவுக்கே கல் வைத்திருக்கிறா.
இந்தக் கட்டடத்தில் இவ்வளவு திருத்தமாக
யாரும் எதையும் அளந்ததில்லை.

நாற்பத்தெட்டு தசம் நான்கு.
அடிக்கிறேன்.
முந்திய பதிவோடு பொருந்தவில்லை, என்கிறது திரை.
முந்திய மூன்றுக்கும் கீழே என் பெயர்.
காரணம் எழுத ஒரு வரி விட்டிருக்கிறார்கள்.
ஒன்பதாம் அறை மணி அடிக்கிறது.
மிர்யானா ஓடுகிற சத்தம்.
வரி அப்படியே கிடக்கிறது.

மெலிந்த தோளில் துவாய் போர்த்தியபடி
சூர்லிண்டன் அம்மா
தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறா:
"அந்த நூறு கிராம் கல் தேய்ஞ்சது, பிள்ளை.
தொண்ணூற்றெட்டுத்தான் வரும்.
சரியாக எழுது."