தேய்வன

ஏற்றத்தின் பாதியில்
எஞ்சின் மட்டும் மேலே போயிற்று.
நானும் சக்கரங்களும் அங்கேயே நின்றோம்.

முறுக்க முறுக்க அலறல் கூடியது,
வேகம் கூடவில்லை.
கருகிய கார்க் வாசனை.
பின்னால் கட்டிய பெட்டியில், ஐஸ் நடுவே,
நாற்பத்தொரு பேரின் இரத்தக் குப்பிகள்.
மாலை ஐந்துக்குள் கொய்ஹைக்கே ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும்.
படகோனியக் காற்றுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா?
ஹெல்மெட்டுக்குள் புகுந்து விசிலடித்துப் பார்த்தது.

நொல்பெர்த்தோ லாரியை நிறுத்தினார்.
ஆடுகளை ஒதுக்கி, நடுவில் வண்டியைக் கட்டினார்.
ஒரு கிடா இருக்கையின் ஓரத்தை மெல்லத் தொடங்கியது.
"இதற்கும் உத்தரவாதம் உண்டா?" என்றார்.
சிரிக்கிற நிலையில் நான் இல்லை.
இரண்டு மைல் கழித்துச் சிரித்தேன்.

வாங்கிப் பத்தொன்பது மாதம்.
உத்தரவாதம் இருபத்துநாலு.
கணக்கு என் பக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் தெருவிலேயே மெக்கானிக் இருக்கிறார்.
அவர் ஒரு போல்ட்டைத் தொட்டாலும்
உத்தரவாதம் செத்துவிடுமாம்.
தொடலாம் என்று அனுமதி பெற்றவர்கள்
புவெர்த்தோ மொந்த்தில்.
சாக்கபுக்கோ துறையில் கப்பலேறி ஒன்றரை நாள்.
வண்டிக்குத் தனி டிக்கெட்,
எனக்குச் சாயாத நாற்காலி.
இலவசப் பழுதுபார்ப்புக்கு
இவ்வளவு செலவாகும் என்று யாரும் சொல்லவில்லை.

கவுன்ட்டரில் கல்வரினோ. துடைத்துத் துடைத்து மங்கிய கண்ணாடி.
"கிளட்ச் தட்டு தேயும் பொருள், அம்மணி.
டயர் மாதிரி, பல்பு மாதிரி."
பதினெட்டாம் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார்.
தேய்வன என்று தலைப்பு. கீழே
சங்கிலி, கேபிள், பிரேக் கட்டை, ரப்பர் உறை.
என் இடது முட்டி மட்டும்தான் விட்டுப்போயிருந்தது.

பிறகு ஒரு படிவம். அதில் ஒன்பதாவது கேள்வி:
இறக்கத்தில் கிளட்ச் பிடியின்மேல்
விரல் வைத்திருக்கும் பழக்கம் உண்டா?
பேனாவை நூலில் கட்டியிருந்தார்கள்.
'இல்லை' என்ற கட்டத்தை எட்டும் அளவுக்கு நூல் நீளம்தான்.
குறியிட்டேன்.
இடது கையின் இரண்டு விரல்கள்
கவுன்ட்டருக்கு அடியில் மடங்கிக்கொண்டன.

பட்டறையில் யாஸ்னா. காதில் பென்சில்.
கால்பந்துப் பக்கத்தை விரித்து, அதன்மேல்
தட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தாள்.
எஃகு எல்லாம் மயில்கழுத்து நிறத்தில் வெந்திருந்தது.
"அழகா இருக்கு, இல்ல?" என்றாள்,
பிணத்துக்குப் பொட்டு நன்றாயிருக்கிறது என்பதுபோல.
அப்புறம் ஸ்ப்ரிங்குகளை நிற்கவைத்தாள்.
நாலும் ஒரே உயரம்.
ஐந்தாவது பிறவியிலேயே குட்டை.

"இது உங்க கை செஞ்சதில்ல."
எந்தக் கை என்று நான் கேட்கவில்லை.

பதினொரு நாள் கழித்து சந்தியாகோவிலிருந்து கடிதம்:
ஸ்ப்ரிங் எங்கள் பிழை, ஐந்தும் இலவசம்.
தட்டுகளுக்கு நீங்கள் பணம் கட்டவேண்டும்.
கடித்த நாயைக் கட்டிப்போடுகிறோம்,
கடிபட்ட கால் உங்களுடையதுதானே!
கட்டினேன்.
நாலு மணி நேர வேலைக்குச் சீட்டில் ஒரு மணி என்றிருந்தது.
கேட்டதற்கு, கடிகாரமும் தேயும் பொருள்தான் என்றாள் யாஸ்னா,
தலை நிமிராமல்.

குப்பிகளில் ஆறு கெட்டுப்போயிருந்தன.
ஆறு பேரிடம் மறுபடி ஊசியோடு போகவேண்டியிருந்தது.
இபானேஸில் எதெல்மிரா அம்மாள்
ஏனென்று கேட்காமல் சட்டைக் கையைச் சுருட்டினார்.
கேட்டிருக்கலாம்.

இப்போது வண்டி இழுக்கிறது, புதுசுபோல.
அதே ஏற்றம். அதே வளைவு. உச்சி தாண்டி
இறக்கம் தொடங்கியதும்
இரண்டு விரல்கள் தாமாகப் பிடியில் போய் உட்காருகின்றன.
எடுக்கிறேன்.
அடுத்த வளைவில் மறுபடி எடுக்கிறேன்.