ஊதா மூடிக் குழாய், எண் 47

எங்கள் வேலையில் நுரை என்றால்
எண்ணெய்த் தீக்கு.
கப்பலூர்ப் பக்கம் டேங்கர் கவிழ்ந்த இரவில்
இடுப்பளவு நுரையில் நின்றிருக்கிறேன்.
கழிப்பறைக் கோப்பையில் அது வந்தபோது மட்டும்
சோப்புத்தூள் மிச்சம் என்று
இன்னொரு வாளி ஊற்றினேன்.

அதே வருடம் நிலையத்தில் போட்ட மருத்துவ முகாமில்
எனக்கும் சோணைமுத்துவுக்கும் ஒரே எண்:
கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஒன்பது.
ஒரே சர்க்கரை, ஒரே பிரஷர் மாத்திரை,
இரவுப்பணி முடிந்தால் ஒரே கடையில் ஈரல்.
ஆறு வருடம் கழித்து
அவன் இன்னும் ஏணி ஏறுகிறான்.
நான் செவ்வாய், வியாழன், சனி
பெரியாஸ்பத்திரியில் ஜன்னலோர மெஷினுக்கு
கையை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன்.

வாழைத்தண்டுச் சாறு என்கிறான் சோணை,
கேட்பவர்களிடமெல்லாம்.
உப்புக்கண்டம் என்கிறாள் செல்லக்கிளி,
கேட்காதவர்களிடமும்.
கொடியில் காய்ந்த அந்தச் சிவப்புத் துண்டுகளுக்காக
வாதாட எனக்கு வாய் வரவில்லை.

போன சனிக்கிழமை பெனசீர் வந்தாள்.
ஆராய்ச்சி செய்கிற பெண்.
ஐந்து மில்லி போதும் என்று கையெழுத்து வாங்கினாள்.
எதைத் தேடுகிறீர்கள் என்றேன்.
அழற்சி என்றாள்.
அழல் அதற்குள் இருப்பதை
துறைக்காரன் நான் தவறவிடவில்லை.

உடம்பில் எங்கோ ஒரு பொறி.
ஆள் கூப்பிட ஒரு புரதம்.
எவ்வளவு உரக்கக் கூப்பிடலாம் என்று சொல்கிற வரியில்
சிலருக்கு ஓர் எழுத்து மாறியிருக்கும்.
சின்னப் பொறிக்குப் பத்து வண்டி வரும்.
வந்தவை போகாது.

புரிந்தது.
கீழமாசி வீதிக் கிடங்கில் ஒருமுறை
எரிந்தது நாலு பொதிதான்.
நாங்கள் அடித்த தண்ணீரில்
நானூறு பொதி ஊறிப்போனது.
முதலாளி எங்களைக் கும்பிட்டபடியே அழுதார்.

ஒரு சிறுநீரகத்தில் வடிகட்டிகள் பத்து லட்சம் இருக்கும் என்றாள்.
ஒவ்வொன்றாகத் தழும்பேறும்.
சத்தமே இருக்காது.

அப்ப உப்புக்கண்டம் இல்லையாம்மா?
என் குரலில் இருந்த ஆசை எனக்கே கேட்டது.
அவள் சிரிக்கவில்லை.
உப்பும் உண்டு, சர்க்கரையும் உண்டு சார்.
எழுத்து தனியாக எதையும் எரிக்காது.
வேகத்தைக் கொஞ்சம் கூட்டலாம்,
அதுவும் சிலருக்கு.
அதைத்தான் எண்ணிப் பார்க்கிறோம்.

என் எழுத்து எதுவென்று எப்போது தெரியும்?
தெரியாது சார். குழாயில் பெயர் கிடையாது.
நாற்பத்தேழு.
முந்நூறு பேருக்குள் நான் எங்கோ
ஒரு சதவீதத்தின் துணுக்கு.

அப்பா ஒன்று தந்திருப்பார், அம்மா ஒன்று.
இருவர் படத்துக்கும் வெள்ளிக்கிழமை பூ வைப்பவள் செல்லக்கிளிதான்.
பழியை அந்தச் சட்டங்களுக்குள் தள்ளிவிடலாமா என்று
மெஷின் நாலு மணி நேரம் சுற்றும்வரை யோசித்தேன்.
பிறகு மகள் நினைவுக்கு வந்தாள்.
இரண்டில் ஒன்று அவளிடம் இருக்கும்.
நேற்று ஊறுகாயை நக்கியபடி
வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.
நுரை வருகிறதா பார் என்று
பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம்
எந்தப் பேச்சின் நடுவில் சொல்வது?

பனகல் சாலையில் சைரன்.
தல்லாகுளம் வண்டி; தொண்டையை வைத்தே சொல்லிவிடுவேன்.
ஊசி ஏறிய கை தானாக எழப் பார்க்கிறது.
நர்ஸ் அதட்டுகிறாள்.

அலறிக்கொண்டு போகிற அந்த வண்டி
திரும்பும்போது வாய்மூடி வரும்.
சிக்னலில் ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் நிற்கும்.
முன் சீட்டில் சோணை
ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்திருப்பான்.
அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.
தலையணையை ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொல்லியிருக்கிறேன்.