எச்சில் வழிந்த பக்கம்

மூன்று கிராம்கூட இராது அந்த நீலத் துணி.
அதைக் காதில் மாட்ட முடியாமல்
அறுவை அரங்கின் வாசலில்
இரண்டு முறை திரும்பி நடந்திருக்கிறேன்.
குதாயிசி செவிலியர் கல்லூரிப் பதிவேட்டில்
என் பெயருக்கு நேரே வயிற்றுக் கோளாறு என்றிருக்கும்.
எழுதச் சொன்னது நான்தான்.

ரத்தம் பயமில்லை. சீழ் பயமில்லை.
பிணவறையில் நின்றுகொண்டே
பாலாடைக்கட்டி ரொட்டி தின்றவள் நான்.
மூச்சுதான்.
விட்ட மூச்சு எங்கும் போகாமல்
வெதுவெதுப்பாக என்னிடமே திரும்பி வருவது.

பதினொரு வயது. ஸ்வானேத்தி மலை.
பள்ளி விட்டு வரும் பாதையில்
சரிவு முழுவதும் எழுந்து வந்து
எங்கள் மேல் படுத்துக்கொண்டது.
அடியில் இருட்டு என்பார்கள். இல்லை,
ஒரு மாதிரி நீலம்.
என் மூச்சு பட்டுப் பனி உருகி
உருகியது மறுபடி உறைந்து
வாயைச் சுற்றி ஒரு கண்ணாடிக் கிண்ணம்.
எது மேல், எது கீழ்?
எச்சிலை வழியவிட்டுப் பார்த்தேன்.
வலது காதுப் பக்கம் போயிற்று.
அப்படியானால் வானம்
இடது தோளுக்கு அந்தப் பக்கம்.
தெரிந்து என்ன செய்ய,
விரல்கூட அசையவில்லை.
ஆனாலும் அந்தத் திசையையே
நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

தேடியவர்களின் நீளக் கம்பி ஒன்று இறங்கி
அதே தோளில் குத்தியது.
தழும்பு இருக்கிறது. கேட்டால் காட்டுவேன்.
அண்ணன் தாத்தோ இருந்த பக்கம்
எந்தக் கம்பியும் இறங்கவில்லை.
மே மாதம்
மலை தானாக அவனைத் தந்தது.

மரேகியிடம் மட்டும் சொன்னேன்.
அவள் அனுதாபப்படவில்லை.
விடுதிக் குளியலறையில்
கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து
சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைப் பிரித்தாள்:
"நான் ஒரு விதை உடைக்கும் வரை போட்டிரு."
டக்.
பிய்த்து எறிந்தேன்.
மறுநாள் இரண்டு.
ஒரு வாரம் ஏழிலேயே நின்றது.
ஒரு நாள் பதினொன்று, அன்றே வாந்தி;
அடுத்த நாள் மறுபடி ஒன்றிலிருந்து.
மார்ச் மாதம் முழுக்க
அந்தக் குளியலறைச் சாக்கடை
தோலால் அடைத்துக்கொண்டது.
விடுதிக் காப்பாளர் எங்களுக்கு வைத்த பெயர்:
கிளிகள்.

கேகாவுக்கு ஆறு வயது. குடலிறக்கம்.
மயக்க மருந்துக்கான ரப்பர் மூடி
முகத்துக்கு நெருங்கியதும்
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.
அந்தப் பிடி எனக்குத் தெரியும்;
கம்பியை அப்படித்தான் பிடித்தேன்
என்று சொல்வார்கள்.
"முதல்ல நீ போடு."
மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
குழாயைக் கழற்றி
என் நீலத் துணிக்கு மேலேயே
அந்த மூடியையும் அழுத்திக்கொண்டேன்.
இரட்டை மூச்சு. இரட்டை வெதுவெதுப்பு.
டக், என்றேன் மனதுக்குள். டக். டக்.
பதினாறு வரை எண்ணியது ஞாபகம்.
கேகா என் நெற்றி வியர்வையைப் பார்த்தான்.
"உள்ள என்ன இருக்கு?"
"காத்து" என்றேன்.
"பழசா?"
"கொஞ்சம் பழசு."
யோசித்தான்.
பிறகு முகத்தை நீட்டினான்.

மாலை மினிபஸ்ஸில்
எதிர் இருக்கைக்காரி, மடியில் ஒரு முட்டைக்கோஸ்,
தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.
கை வைத்துப் பார்த்தேன்.
இன்னும் போட்டிருந்தேன்.
ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்பது நிறுத்தம்.

அன்றைக்கு அப்படி.
மறுநாள் அரங்கில் கால் நடுங்கிற்று,
நுழைந்தேன் என்பது வேறு.
போர்வையை இன்றும்
கழுத்துக்கு மேல் இழுப்பதில்லை.
ஜனவரியிலும் ஜன்னல் திறந்தே இருக்கிறது.
மரேகி இரண்டு காலுறைகளுக்குள்ளிருந்து
என் வம்சத்தையே திட்டுகிறாள்.
திட்டட்டும்.
இடது பக்கமாகத் திரும்பிப் படுக்கிறேன்,
ஜன்னல் அங்கேதான்.