நாற்பத்தேழு டிகிரி

சோஹாரில் இன்று நாற்பத்தேழு டிகிரி.
என் நடுவிரலும் அவ்வளவுதான் மடங்குகிறது.
ஷம்ஸா தன் பிளாஸ்டிக் கோணமானியை மூட்டில் வைத்து
எண்ணை வாய்க்குள் முனகி எழுதிக்கொள்கிறாள்.
போன புதனைவிட மூன்று கூடுதல்.
"ஷ்வய் ஷ்வய்" என்கிறாள்.
மெல்ல மெல்ல என்று அர்த்தமாம்.
என் காதில் அது சுவை சுவை என்றே விழுகிறது.
தழும்பை அவள் அழுத்தி நீவும்போது
என்ன சுவை என்று கேட்கத் தோன்றும்.
பல்லைக் கடித்திருப்பதால் கேட்பதில்லை.

பச்சை நிறத்தில் ஒரு மாவு தருகிறாள்.
பிசை. உருட்டு. கிள்ளு.
பதினோரு வருஷம் நானூற்றுப் பதினைந்து வோல்ட்டோடு
பழகிய கை
ஒரு கொழுக்கட்டைக்குத் திணறுகிறது.

அன்று நடந்ததை வெளிச்சம் என்றே வைத்துக்கொள்வோம்.
பேனல் கதவைத் திறந்தேன்,
உள்ளிருந்து வெள்ளையாக ஏதோ திரும்பிப் பார்த்தது.
சத்தம் அப்புறம்தான் வந்தது.
பக்கத்தில் டார்ச் பிடித்து நின்ற தில்பகதூருக்கு
யாரும் கையுறைக்கு அளவெடுக்க வேண்டியிருக்கவில்லை.
இதற்குமேல் எழுத
விரல் இன்னும் மடங்கவில்லை.

கையின் மேல் இருப்பது தொடையின் தோல்.
நாற்பது வருஷம் வேட்டிக்கும் பேண்ட்டுக்கும் உள்ளே
வெயில் தெரியாமல் வளர்ந்தது,
இப்போது புது விசாவில் வெளியே வந்திருக்கிறது.
யாருக்காவது வணக்கம் சொன்னால்
என் தொடைதான் கும்பிடுகிறது.
அதற்கு வேர்க்கத் தெரியாது.
உடம்பெல்லாம் ஊற்றினாலும்
அந்த ஒரு ஜாண் மட்டும் காய்ந்தே கிடக்கும்,
இந்த ஊரிலேயே பிறந்ததுபோல.

இறுக்கமான கையுறை, பழுப்பு நிறம்,
நாளுக்கு இருபத்து மூன்று மணி நேரம்.
மிச்சமிருக்கும் ஒன்றில்
கழுவ வேண்டும், களிம்பு போட வேண்டும்,
சிவப்பு வெளுக்கும்வரை அழுத்த வேண்டும்,
அதற்குள் நாலு கவளம்
சொந்தக் கையால் சாப்பிட்டுவிட வேண்டும்.
அரிப்பு ராத்திரி இரண்டு மணிக்கு வரும்.
சொறியக் கூடாது, தட்டலாம்.
கட்டிலில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பேன்.
மேல்கட்டில் ரஃபீகுல் தூக்கத்திலேயே
"தபலாவா, பாய்?" என்பான்.

வீடியோ காலில் நாலு மாசம்
இடது கைதான் பேசிக்கொண்டிருந்தது.
செல்லக்கனிக்குத் தெரியாதா.
கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் போகிறவள்.
"அந்தக் கையக் காட்டுங்க" என்றாள்.
காட்டினேன்.
அழவில்லை.
போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்
துணிக்கடையில் இழை பார்ப்பதுபோலப் பார்த்தாள்.
"ஓரம் தடிச்சிருக்கு, அங்கன இன்னுங் கொஞ்சம் அமுக்கச் சொல்லுங்க.
கட்டைவிரல் தேவல."
பிறகு, "சாப்ட்டீகளா?"

கட்டைவிரல் தேவலைதான்.
ரேகைதான் இல்லை.
ஸ்டோரில் லைட் டூட்டி கொடுத்திருக்கிறார்கள்.
கேட்டில் உள்ள வருகைப் பெட்டி
தினமும் விரலை வைக்கச் சொல்லும்,
தினமும் ஆளைத் தெரியாது என்னும்.
மறுபடி வைக்கவும் என்று ஒரு பெண்குரல்,
கோபமே இல்லாமல்.
பதினோரு வருஷம் என்னை உள்ளே விட்டவள்.
டைம்கீப்பர் ஜோஜி எழுந்து வந்து
நோட்டில் எழுதுவான்: அதிசயராஜ், ஆறு பத்து.

நேற்று எழுதவில்லை.
பேனாவை என் பக்கம் நீட்டினான்.

கையுறையின் நுனி வழியாகப் பிடித்தேன்.
அ வந்தது.
அதன் சுழியில் விரல் ஒருதரம் நின்று
யோசித்து வளைந்தது.
பின்னால் வரிசையில் முப்பது பேர்.
பஸ்காரன் ஹாரன் அடித்தான்.
ரஃபீகுல் என் டிபன்பாக்ஸை
வாங்கி வைத்துக்கொண்டான்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை,
நான் 'தி'யில் இருந்தேன்.