அடகுச் சீட்டு

நாளுக்கு ஆறு தரம், தரத்துக்கு இருபது நிமிடம்.
ஆக மொத்தம் இரண்டு மணித்தியாலம்.
கூட்டுறவு வங்கியில் அடகுப் பிரிவில் இருப்பவன் நான்,
கழித்தல் எனக்குப் பிழைக்காது:
ஏழில் இரண்டு போக ஐந்து மிச்சம்,
மாதத்துக்கு நூற்றைம்பது.
பச்சை மையால் எழுதிக்
குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன்.

வதனி வாசித்தாள்,
இரவு டியூட்டி முடிந்து வந்து
சப்பாத்தைக்கூடக் கழற்றாமல்.
"உங்களுக்கு விசர்" என்றாள்.
தன் பேனாவால் கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப்
படுக்கப் போனாள்.

அவளுக்காகத்தான் இந்தக் கணக்கு என்று
நான் சொல்லவில்லை.
ஆஸ்பத்திரி அவளை இரவில் எடுத்துக்கொள்கிறது,
வங்கி என்னைப் பகலில்.
போன கிழமை நாங்கள் ஒரே நேரத்தில் விழித்திருந்தது
ஒன்பது மணித்தியாலம்.
அதிலும் இரண்டு
தண்ணீர் மோட்டர் திருத்துவதில் போயிற்று.

நாலாம் நாள், மதியம் பன்னிரண்டு மணி.
ஊராரின் தாலிக்கொடிகள்
இலக்கமிட்ட உறைகளுக்குள் கிடக்க
பெட்டக அறைக் கதிரையில் நானும் கிடந்தேன்,
இலக்கமில்லாமல்.
அலாரம் அடித்தபோது
யாரோ என்னை மீட்க வந்துவிட்டதாக எண்ணி எழும்பினேன்.

இரவுகள் நீளமாக இருந்தன, உண்மைதான்.
தண்ணீர்த் தாங்கியைக் கழுவினேன்.
வளைந்த ஆணிகளை நிமிர்த்தினேன்.
சிங்களத்தில் வந்த வரிப் படிவத்தை
அகராதி வைத்துக் கடைசி வரிவரை வாசித்து
எனக்கு வரியே இல்லை என்று கண்டுபிடித்தேன்.
அதிகாலை மூன்று மணிக்கு எதையும் செய்யலாம்;
யாரோடும் செய்ய முடியாது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு டச்பே பக்கம் போனேன்.
பஸ் நிலையத்துக்கு முன்னால் புள்ளிமான்கள்,
மரக்கறிக் கழிவில் பாதி, மூடிய கடையடியில் பாதி.
ஒன்று முன்னங்காலை மடித்துக் கண்ணை மூடியது.
நான் எண்ணினேன்: நாலு நிமிடம்.
திறந்தது, என்னைப் பார்த்தது, திரும்ப மூடியது.
காதுகள் மட்டும் தூங்கவேயில்லை.
ஆயுள் முழுக்க இப்படித்தான் போலும்,
இதுவரை எந்த மானும் மிச்சம் பிடித்ததாகத் தெரியவில்லை.

ஒன்பதாம் நாள்
திருக்கடலூர் புஷ்பராணியக்காவின் மோதிரத்தை நிறுத்து
மூன்று தசம் எட்டு கிராமை
முப்பத்தெட்டு என்று எழுதினேன்.
சீட்டை வாங்கிப் பார்த்தவ சொன்னா:
"தம்பி, இது மோதிரம். கோயில் தேர் இல்ல."
நஜிமுதீன் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"வீட்ட போங்க. திங்கள் வாங்க.
வாறபோது முழுசா வாங்க."

அன்று அவளுக்கு ஓய்வு நாள்.
பத்து நாளாய் நான் சேர்த்ததெல்லாம் கையில் இருக்க
எட்டரைக்கே நித்திரையாகிப் போனாள்.
கட்டில் விளிம்பில் இருந்து பார்த்தேன்.
இந்தப் பெண்ணின் நித்திரையை
ஆறாண்டாக ஆஸ்பத்திரி துண்டு துண்டாக வெட்டுகிறது,
எந்த மிச்சமும் காட்டாமல்.
அவளிடம் நான் பச்சை மையால் கணக்குக் காட்டியிருக்கிறேன்.

துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஒருமுறை ஊதியது.
அவள் கை தடவி வந்து
என் மணிக்கட்டைப் பிடித்தது,
சரியாக நாடி பார்க்கும் இடத்தில்.
"படுங்கோ" என்றாள் கண் திறவாமல்,
"இருபத்திரண்டாம் கட்டில், எழும்பக் கூடாது."
இருபத்திரண்டாம் கட்டில் படுத்தது.

விழித்தபோது வெயில் சுவரைத் தாண்டியிருந்தது.
ஒரு மணி டியூட்டிக்கு அவள் போய்விட்டாள்.
அலாரம் ஆறும் அணைந்து கிடந்தன.
கதவிலிருந்த என் தாளின் கீழ் அவள் எழுத்து:

இரவு 11.00 — நாடி 66. அசையவில்லை.
2.15 — குறட்டை. வலப்பக்கம் திருப்பப்பட்டார்.
4.00 — அலாரம். நிறுத்தினேன்.
5.30 — சிரித்தார். காரணம் தெரியாது.

ஓய்வு நாளின் நித்திரையை உடைத்து
நாலு தரம் எழும்பியிருக்கிறாள்.
பேனாவை எடுத்தேன்.
இதை எந்தப் பக்கம் எழுதுவது,
வரவிலா, செலவிலா,
தெரியாமல்
பெட்டியைத் திறந்து பால் இருக்கிறதா என்று பார்த்தேன்.